பின்னொளியில் விலங்குப் படம் சொதப்புகிறதா? அறிகுறியைப் பார்த்து எக்ஸ்போஷரைச் சரிசெய்வது எப்படி

சூரியன் விலங்குக்குப் பின்னால் இருக்கும்போது எடுத்த படம் கெட்டுப்போனால், "பிளஸ் ஒன்று போடு" என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் யோசனை: கேமரா தானாகத் தரும் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, காம்பன்சேஷன் டயலில் ஒரு ஸ்டாப் (இரு மடங்கு) கூட்டுவது. மைனஸ் என்றால் குறைப்பது. பாதி நேரம் அது சரி. மீதி நேரம் அதுவே படத்தைக் கெடுக்கும். கேமராவில் ஒளியை அளக்கும் மீட்டருக்குச் சூரியன் எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஃபிரேமுக்குள் எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்று பார்த்து, எல்லாவற்றையும் சேர்த்து நடுத்தரச் சாம்பலுக்குக் கொண்டுவரப் பார்க்கும், அவ்வளவுதான். வானத்துக்கு எதிரே மேட்டில் நிற்கும் யானைக்கு பிளஸ் வேண்டும். அதே யானை பத்தடி நகர்ந்து நிழலான மரக்கூட்டத்துக்கு முன்னால் வந்துவிட்டால், சூரியன் இருந்த இடத்திலேயே இருந்தாலும், மைனஸ் வேண்டும். அதனால் டயலைத் திருப்புவதற்கு முன் பார்க்க வேண்டியது விலங்கின் பின்னால் இருப்பதை.

எந்தப் படம் வேண்டும் என்பதையும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். பின்னொளியில் மூன்று விதமான படம் உண்டு: முகமும் ரோமமும் தெரியும் படம், உடலின் ஓரத்தில் மட்டும் ஒளி ஓடும் ரிம் லைட் படம், முழுக் கறுப்பு நிழலுரு. மூன்றுக்கும் ஒரே எக்ஸ்போஷர் கிடையாது. ஒன்றுக்குக் கோளாறாகத் தெரிவது இன்னொன்றுக்கு அதுதான் குறி.

கேமராவில், சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபார்மட், வெளுத்த இடத்தைச் சிமிட்டிக் காட்டும் ஹைலைட் எச்சரிக்கை, சிவப்பு-பச்சை-நீலம் தனித்தனியாகத் தெரியும் ஹிஸ்டோகிராம் (இடது ஓரம் இருட்டு, வலது ஓரம் வெளிச்சம் என்று காட்டும் வரைபடம்) ஆகிய மூன்றும் ஆன் ஆகி இருக்கட்டும். கீழே சொல்வதெல்லாம் இவற்றை நம்பித்தான். சரி, இனி அறிகுறிகள்.

வானம் பிரமாதம், விலங்கு கன்னங்கரேல் என்று இருக்கிறது

ஃபிரேமில் பெரும்பகுதி பிரகாசமான வானம். மீட்டர் அதைச் சாம்பலாக்கப் பார்த்ததில் விலங்கு இருட்டில் மாட்டிக்கொண்டது. இங்கேதான் பிளஸ் வேலை செய்யும்.

எவ்வளவு பிளஸ் என்பது விலங்கு ஃபிரேமை எவ்வளவு நிறைக்கிறது என்பதைப் பொறுத்தது. பாதிக்கு மேல் நிறைத்தால் 2/3 அல்லது 1 ஸ்டாப்பில் தொடங்கலாம். பெரிய வானத்தில் சின்ன உருவம் என்றால் 1 1/2, 2 வரை போக வேண்டியிருக்கும். இவை தொடக்கப் புள்ளிகள் மட்டுமே. ஒரு ஃபிரேம் எடுத்து ஹிஸ்டோகிராமைப் பாருங்கள்.

ஒரு உதாரணத்தை மெதுவாகப் பார்ப்போம். மாலை நேரம், புல் மேட்டில் ஒரு மான், சூரியன் அதற்குப் பின்னால் சற்று இடப்பக்கம். கேமரா தானாகக் கொடுத்தது ஷட்டர் 1/1600 வினாடி, அப்பெர்ச்சர் எஃப்/5.6, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 400 என்று வைத்துக்கொள்வோம். வானத்தில் ஆரஞ்சு நிறம் அருமையாக இருக்கிறது, மான் வெறும் கறுப்பு. ஹிஸ்டோகிராமில் இரண்டு குவியல்: ஒன்று இடது சுவரோடு ஒட்டி, ஒன்று வலப்பக்கம். நடுவில் எதுவும் இல்லை. ஒரு ஸ்டாப் ஏற்றி 1/800-க்கு வந்தால் தோள்பட்டையில் ரோமம் பிரிந்து தெரிய ஆரம்பிக்கும், கண் இன்னும் தெரியாது. 1/500-இல், அதாவது 1 2/3 ஸ்டாப்பில், கண் தெரியும். ஆனால் சூரியனைச் சுற்றி வானம் சிமிட்டத் தொடங்கியிருக்கும். காதைப் பாருங்கள். மெல்லிய தோல் வழியாக ஒளி ஊடுருவி வருவதால் காது சிவந்து ஒளிரும், ரத்தக்குழாய்கூடத் தெரியும். இந்தச் சிவப்புதான் முதலில் போகும். மொத்த வெளிச்சத்தைக் காட்டும் ஹிஸ்டோகிராம் "எல்லாம் நலம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே சிவப்புச் சேனல் வலது சுவரில் முட்டி, செவ்வொளி தட்டையான மஞ்சளாக மாறிவிடும். மூன்று நிறமும் தனித்தனியாகத் தெரிய வேண்டும் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். இந்த மானுக்கு நான் 1/640-இல் நின்றுகொண்டு, கண்ணுக்குத் தேவையான மிச்ச வெளிச்சத்தை ரா-வில் ஏற்றுவேன். காது பத்திரமாக இருக்கும்.

சூரியனே இல்லாமலும் இந்தக் கோளாறு வரும், பலர் இதைக் கவனிப்பதில்லை. மேகம் மூடிய வெள்ளை வானத்தின் முன்னால் கிளையில் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு அந்த வானமே பின்னொளி. தெளிந்த நீல வானத்தைவிட இது மோசம், ஏனென்றால் சூரியனுக்கு எதிர்த்திசையில் இருக்கும் நீல வானம் ஏறக்குறைய நடுத்தரச் சாயலுக்குப் பக்கத்தில் இருக்கும்; வெள்ளை மேகம் அப்படி இல்லை. தயங்காமல் 2 ஸ்டாப் ஏற்றிப் பாருங்கள். வானம் வெளுக்கும். அது ஏற்கெனவே வெள்ளைதானே, போகட்டும்.

ஸ்பாட் மீட்டரிங் போட்டும் சரியாக வரவில்லை

ஸ்பாட் என்பது ஃபிரேமில் ஒரு சின்னப் புள்ளியை மட்டும் அளக்கும் முறை. அந்தப் புள்ளி எங்கே அளக்கிறது என்று பாருங்கள். நிக்கானில் ஸ்பாட் பொதுவாக நீங்கள் தேர்ந்தெடுத்த ஃபோகஸ் புள்ளியோடு நகரும். கேனானின் பல டிஎஸ்எல்ஆர்களில் அது ஃபிரேமின் நடுவிலேயே நிற்கும். ஓரப் புள்ளியில் மானை ஃபோகஸ் செய்துகொண்டிருப்பீர்கள், மீட்டரோ நடுவில் இருக்கும் வானத்தை அளந்துகொண்டிருக்கும்.

புள்ளி சரியாக விலங்கின் மேல் விழுந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. ஸ்பாட்டும் சாம்பலாக்கவே பார்க்கும். கரடியின் ரோமத்தை அளந்தால் கரடி சாம்பல் நிறமாகும், ஆகவே 1 அல்லது 1 1/2 ஸ்டாப் குறைக்க வேண்டும். வெளிர் நிற விலங்கு என்றால் கூட்ட வேண்டும். ஓடுகிற விலங்குக்கு ஸ்பாட் எனக்குப் பிடிக்காது. புள்ளி கழுத்திலிருந்து வயிற்றுக்கு வழுக்கினாலே அளவு மாறிவிடும். அசையாமல் நிற்கும் ஒன்றை ஒருமுறை அளந்து, அந்த அளவை, ஷட்டரையும் அப்பெர்ச்சரையும் நீங்களே வைக்கும் எம் (மேனுவல்) மோடில் பூட்டிக்கொள்வதற்கு அது நல்ல கருவி.

ஒரே பர்ஸ்ட்டில் (தொடர்ச்சியாக எடுத்த படங்களில்) ஒரு படம் இருட்டு, அடுத்தது வெளிச்சம்

பருந்து வானத்தில் பறக்கிறது, சரிவில் இறங்குகிறது, பின்னணி திடீரென்று காடாக மாறுகிறது. பறவையின் மேல் விழும் ஒளியில் ஒரு மாற்றமும் இல்லை. மாறியது பின்னணி மட்டும். ஆட்டோ எக்ஸ்போஷர் பின்னணியைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது; நீங்கள் போட்ட பிளஸ் ஒன்றரையும் கூடவே ஓடுகிறது. வானத்துக்கு எதிரே அது சரி. காட்டுக்கு எதிரே பறவை வெளுத்துப்போகும்.

மருந்து எம் மோடு. ஐஎஸ்ஓ-வையும் ஆட்டோவில் விடாமல் நிறுத்தி வையுங்கள். எம் மோடுதானே என்று ஐஎஸ்ஓ-வை ஆட்டோவில் விட்டால் அது பெயருக்குத்தான் எம். எக்ஸ்போஷரை மீட்டர்தான் ஓட்டிக்கொண்டிருக்கும்.

அளவை எங்கிருந்து எடுப்பது? விலங்குக்கு எந்தப் பக்கத்திலிருந்து ஒளி விழுகிறதோ, அதே பக்கத்திலிருந்து ஒளி வாங்கும் ஒரு நடுத்தர நிறப் பொருள் வேண்டும். சூரியனுக்கு எதிர்ப்புறம், உங்களைப் பார்த்து இருக்கும் மரத்தண்டின் நிழல் பக்கம் நல்ல தேர்வு. ஒன்றும் அகப்படவில்லை என்றால் உங்கள் உள்ளங்கை இருக்கிறது. சூரியன் கையின் பின்புறம் படும்படி கையை நீட்டி, நிழலில் இருக்கும் உள்ளங்கையை லென்ஸ் முழுக்க நிறைத்து அளந்து, ஒரு ஸ்டாப் கூட்டிக்கொள்ளுங்கள். ஃபோகஸ் ஆகவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், மீட்டருக்கு ஃபோகஸ் தேவையில்லை. உள்ளங்கையின் நிறம் ஆளுக்கு ஆள் அவ்வளவாக மாறாது, ஆனாலும் உங்கள் கைக்கு எவ்வளவு கூட்ட வேண்டும் என்று வீட்டில் ஒரு சாம்பல் அட்டையோடு ஒப்பிட்டு வைத்துக்கொண்டால் நிம்மதி.

ஒரு எச்சரிக்கை: காலையிலும் மாலையிலும் சூரியன் அடிவானத்தை ஒட்டி இருக்கும்போது ஒளி நிமிடத்துக்கு நிமிடம் மாறும். எம் மோடில் வைத்துவிட்டு மறந்துபோனால் கொஞ்ச நேரத்திலேயே எல்லாப் படமும் இருட்டு. இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை திரும்ப அளக்க வேண்டும். சூரியன் மேகத்துக்குள் போய் வந்துகொண்டிருந்தால் எம் மோடோடு மல்லுக்கட்டாமல் ஆட்டோவுக்கே திரும்பிவிடுங்கள், அது இங்கே புத்திசாலி.

பிளஸ் போட்டேன், படத்தில் ஒரு மாற்றமும் இல்லை

இது பெரும்பாலும் கேமரா ஒரு எல்லையில் முட்டிக்கொண்டு நிற்பதால்தான். ஷட்டர் முன்னுரிமையில் 1/2000 வைத்திருக்கிறீர்கள். லென்ஸ் ஏற்கெனவே முழுசாகத் திறந்துவிட்டது, இனித் திறக்க இடமில்லை. வியூஃபைண்டரில் அப்பெர்ச்சர் எண் மின்னிக்கொண்டிருக்கும், நாம்தான் விலங்கைப் பார்ப்பதில் அதைப் பார்க்க மாட்டோம். ஷட்டரைக் குறையுங்கள் அல்லது ஐஎஸ்ஓ-வை ஏற்றுங்கள். ஆட்டோ ஐஎஸ்ஓ-வுக்கு நீங்களே வைத்த உச்சவரம்பில் அது நின்றுபோனாலும் இதே கதை.

எம் மோடும் நிலையான ஐஎஸ்ஓ-வும் என்றால் காம்பன்சேஷன் டயல் மீட்டரின் ஊசியை நகர்த்தலாம், படத்தை மாற்றாது. நேரடியாக ஷட்டரையோ அப்பெர்ச்சரையோ மாற்றுங்கள். எம் மோடும் ஆட்டோ ஐஎஸ்ஓ-வும் சேர்ந்தால் இப்போதைய கேமராக்களில் டயல் ஐஎஸ்ஓ-வை மாற்றும். சில பழைய பாடிகளில் அந்த வசதி இல்லை.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு: ஒன்றுமே செய்யாமல் எல்லாப் படமும் வெளுத்து வருகிறது. நேற்று மாலை போட்ட பிளஸ் இரண்டு இன்னும் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள்.

விலங்கு நன்றாக வந்தது, வானம் வெள்ளை வெளேர்

நிழல் பக்கத்துக்கும் வானத்துக்கும் உள்ள இடைவெளி சென்சார் தாங்கும் அளவைத் தாண்டிவிட்டது. எக்ஸ்போஷரை எங்கே வைத்தாலும் ஏதாவது ஒன்று போகும். எதை விடுவது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

என்னைக் கேட்டால், வெள்ளை வானம் எப்போதும் குற்றமல்ல. வானத்தில் மேகமோ நிறமோ இல்லாதபோது அதைக் காப்பாற்றி என்ன ஆகப்போகிறது? விலங்கின் முதுகிலோ கொம்பிலோ ஒளி பட்ட பகுதி வெளுத்துப்போவதுதான் உறுத்தும். சிமிட்டும் இடம் வானமா உடலா என்று பிரித்துப் பாருங்கள். வானம் மட்டும் என்றால் அப்படியே விட்டுவிடலாம். ஒன்று அல்லது இரண்டு சேனல் மட்டும் முட்டியிருந்தால் ரா-வில் கொஞ்சம் மீளும். மூன்றும் முட்டியிருந்தால் அங்கே ஒன்றுமே பதிவாகவில்லை, எந்த மென்பொருளாலும் கொண்டுவர முடியாது. கேமராவின் எச்சரிக்கையும் ஹிஸ்டோகிராமும் ஜேபெக் முன்னோட்டத்தை வைத்துத்தான் வருகின்றன, ஆகவே சிறு பகுதி லேசாகச் சிமிட்டினால் ரா-வில் உயிர் இருக்கலாம்.

வானமும் வேண்டும் என்றால் டயலைவிட உங்கள் கால் அதிகம் உதவும். கொஞ்சம் உயரத்துக்குப் போனால் வானம் இருந்த இடத்தில் புல்வெளி வரும். பக்கவாட்டில் சில அடி நகர்ந்தால் ஒரு மரம் விலங்குக்குப் பின்னால் வந்து நிற்கும். மணலும் தண்ணீரும் கீழிருந்து ஒளியைத் திருப்பி அனுப்புவதால், அங்கே நிற்கும் விலங்கின் வயிறும் முகமும் அடர்ந்த புல்லில் நிற்பதைவிட வெளிச்சமாக இருக்கும். விலங்கு தலையைத் திருப்பும்வரை காத்திருப்பதும் ஒரு வழி: கன்னத்தில் கொஞ்சம் ஒளி விழுந்தாலே போதும், கண் திறந்துகொள்ளும்.

நிழலை வெளிச்சமாக்கும் ஃபில் ஃபிளாஷ் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தூரம் கூடினால் பலம் போய்விடும், பல காடுகளில் அனுமதியும் கிடையாது. ஃபிளாஷின் முன் மாட்டும், ஒளியைக் குவிக்கும் ஃபிரெனெல் லென்ஸ் வைத்திருப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: சூரியன் அதன் வழியே நேராக விழுந்தால் ஒளி குவிந்து ஃபிளாஷையே உருக்கிவிடும்.

ஓரத்து ஒளிக்கோடு தடித்து வெளுத்துவிட்டது, பின்னணி சாம்பலாக இருக்கிறது

பிளஸ் போட்டுக் கெடுத்த படம் இதுதான். பின்னணி நிழல், விலங்கின் உடலும் நிழல், ஓரத்தில் மட்டும் ஒளி. ஃபிரேமில் பெரும்பகுதி இருட்டு என்பதால் மீட்டர் அதைச் சாம்பலாக்க எக்ஸ்போஷரை ஏற்றிவிட்டது. நீங்கள் 1 முதல் 2 ஸ்டாப் இறக்க வேண்டும். மீசை ரோமமும் காதோர முடியும் தனித்தனி இழையாகப் பிரிந்து தெரிந்தால் அளவு சரி. எல்லாம் சேர்ந்து ஒரே வெள்ளைப் பட்டையாக இருந்தால் இன்னும் இறக்குங்கள்.

நிக்கான் 2014-இல் வந்த டி810-லிருந்து ஹைலைட்டைக் காக்கும் மீட்டரிங் முறை ஒன்றைத் தருகிறது. வேறு சில நிறுவனங்களும் இதுபோல வைத்திருக்கின்றன. ரிம் லைட்டுக்கு அது கிட்டத்தட்ட அளவெடுத்துத் தைத்த முறை. ஆனால் சூரியனோ பிரகாசமான வானமோ ஃபிரேமுக்குள் வந்தால் அதையும் காக்கப் போய்ப் படத்தை மொத்தமாக இருட்டாக்கிவிடும்.

பின்னணி நிழலில் இல்லாவிட்டால் எவ்வளவு இறக்கினாலும் ரிம் லைட் கிடைக்காது. வெளிச்சமான புல்லின் மேல் வெளிச்சமான கோடு எப்படித் தெரியும்?

வெள்ளைக் கொக்கின் சிறகு விவரமில்லாமல் போகிறது

சிறகை விரிக்கும்போது ஒளி அதன் வழியே ஊடுருவி வருகிறது. உடல் நிழலில் இருக்க, சிறகு மட்டும் விளக்குபோல் எரியும். உட்கார்ந்திருக்கும்போது வைத்த அளவு பறக்கும்போது செல்லாது. பறக்கப்போகிறது என்று தெரிந்தால் முன்கூட்டியே 2/3 முதல் 1 ஸ்டாப் குறைத்து வைத்துவிடுங்கள்; உடலின் நிழலைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம், வெளுத்த இறகைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

படம் முழுக்க வெளிறி, கறுப்பே இல்லாமல் இருக்கிறது

ஹிஸ்டோகிராமின் இடப்பக்கம் காலியாகக் கிடக்கிறதா? எக்ஸ்போஷர் கோளாறு என்று நினைத்து மைனஸ் போட வேண்டாம். சூரிய ஒளி நேராக லென்ஸின் முன்கண்ணாடியில் விழுந்து உள்ளே சிதறுகிறது. ஹூட் (லென்ஸின் முனையில் வெயிலை மறைக்கும் வளையம்) மாட்டியிருக்கிறதா, நேராக மாட்டியிருக்கிறதா, யுவி ஃபில்டர் இருக்கிறதா, கண்ணாடியில் தூசியோ விரல் ரேகையோ இருக்கிறதா என்று பாருங்கள். ஃபில்டரைக் கழற்றி, கண்ணாடியைத் துடைத்தாலே பாதி சரியாகிவிடும். மீதிக்கு, ஒரு தொப்பியை லென்ஸுக்கு மேலே பிடித்து, முன்கண்ணாடியில் நிழல் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே நகர்த்துங்கள். தொப்பி ஃபிரேமுக்குள் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். லேசான வெளிறல் என்றால் மென்பொருளில் கறுப்பைக் கொஞ்சம் இழுத்தால் போதும்.

ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைந்தாலும் பலமுறை காரணம் இதே சிதறல்தான். அப்போது முகத்தை விட்டுவிட்டு, ஒளியும் இருளும் சந்திக்கும் உடலின் விளிம்பில் புள்ளியை வைத்துப் பாருங்கள். டெலிஃபோட்டோ லென்ஸ் மாட்டிய டிஎஸ்எல்ஆரின் ஆப்டிகல் வியூஃபைண்டர் வழியாகச் சூரியனை மட்டும் பார்க்கவே கூடாது. கண் போய்விடும்.

நிழலை ஏற்றினால் புள்ளி புள்ளியாக வருகிறது

"குறைவாக எடு, பிறகு ஏற்றிக்கொள்" என்ற யோசனை ஐஎஸ்ஓ 100, 200-இல் நன்றாக வேலை செய்யும். ஐஎஸ்ஓ 3200-இல் செய்யாது. ஐஎஸ்ஓ இரட்டிப்பாகும்போதெல்லாம் சென்சாரின் டைனமிக் ரேஞ்ச் (இருட்டு முதல் வெளிச்சம் வரை அது பதியக்கூடிய வீச்சு) ஏறக்குறைய ஒரு ஸ்டாப் சுருங்குகிறது. நீங்கள் ஏற்ற நினைக்கும் நிழலில் பதிவான தகவலே குறைவு. விடியலிலும் அந்தியிலும் ஐஎஸ்ஓ ஏறியிருக்கும் என்பதால், அந்த நேரத்தில் முகம் தெரியும் படம் வேண்டுமென்றால் எடுக்கும்போதே வெளிச்சம் கொடுத்துவிட வேண்டும். அசையாமல் நிற்கும் விலங்குக்கு 1/2000 எதற்கு? 1/250-க்கு இறக்கினால் மூன்று ஸ்டாப் கையில் கிடைக்கிறது.

கேமரா திரையில் நன்றாக இருந்தது, கணினியில் இருட்டு

விடியற்காலை இருட்டுக்குப் பழகிய கண்ணுக்குக் கேமரா திரை அளவுக்கு மீறிப் பிரகாசமாகத் தெரியும். உச்சி வெயிலில் இதற்கு நேர்மாறு: சரியான படமும் இருட்டாகத் தெரியும், பயந்துபோய் ஏற்றிவிடுவோம். திரையின் வெளிச்சத்தைத் தானியங்கியில் விடாமல் ஒரே அளவில் நிறுத்துங்கள், முடிவை ஹிஸ்டோகிராமிடம் விட்டுவிடுங்கள்.

நிழலுரு எடுத்தால் கறுப்பு வரவில்லை, சாம்பலாக நிற்கிறது

சூரியனை ஒட்டிய வானத்தை, சூரியனை விட்டுவிட்டு, அளந்து எம் மோடில் பூட்டுங்கள். பிறகும் சாம்பலாக வந்தால் இரண்டைச் சந்தேகிக்கலாம். ஒன்று மேலே சொன்ன ஒளிச்சிதறல். இன்னொன்று கேமரா தானாக நிழலைத் தூக்கும் வசதி: கேனானில் ஆட்டோ லைட்டிங் ஆப்டிமைசர், நிக்கானில் ஆக்டிவ் டி-லைட்டிங். நீங்கள் மைனஸ் போட்டாலும் ஜேபெக்கில் இவை மறுபடி வெளிச்சம் ஏற்றிவிடும். அணைத்துவிடுங்கள்.

கறுப்பு சரியாக வந்து, உருவம் மட்டும் என்னவென்றே புரியாத மொத்தையாக இருந்தால் அது எக்ஸ்போஷர் பிரச்சினை இல்லை. விலங்கு பக்கவாட்டில் நிற்க வேண்டும், நான்கு காலுக்கு நடுவிலும் வானம் தெரிய வேண்டும். அதற்குக் கேமரா தரைக்கு அருகில் இறங்க வேண்டும். இரண்டு விலங்குகள் என்றால் உருவம் ஒன்றோடொன்று ஒட்டாத நொடிக்காகக் காத்திருங்கள். நடுவில் ஒரு விரல் அளவு வானம் தெரிந்தால்கூடப் போதும்.